நீடாமங்கலம் கேட்

கேட் போட்டுவிட்டார்கள்.
மன்னார்குடியில் ஏறும்போதே போய்விட்டுத்தான் வந்தேன்,
அதற்கு முன் வீட்டில் இரண்டு தரம்.
நேற்று ராத்திரியிலிருந்து காபி இல்லை, மோர் இல்லை,
மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான்.
ஆனாலும் கம்பம் இறங்குவதைக் கண் பார்த்ததும்
அடிவயிற்றில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

கும்பகோணத்தில் பதினோரு மணிக்குத் தணிக்கை.
சங்கத்துப் பேரேடு மடியில்.
அதை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்கிறேன்.

வடுவூர்ப் பள்ளிக்கூடத்தில்
காலை ஒன்பதிலிருந்து நாலரைவரை அடக்கியவள் நான்.
அங்கே கழிப்பறைக்குக் கதவு கிடையாது.
தும்மினால் தொடையை இடுக்கிக்கொள்வது
இரண்டாவது பிரசவத்தோடு வந்தது.
விலக்கு நின்ற வருடம்,
இனிமேல் கைப்பையில் துணி வேண்டாம் என்று நினைத்தேன்.
துணி அங்கேயேதான் இருக்கிறது.
காரணம் மாறிவிட்டது.

டாக்டர் சின்னப் பெண்.
"வயசானா இப்படித்தான்னு விட்டுடாதீங்க.
வந்ததும் ஓடாம பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்க,
பை பழகிக்கும்" என்றாள்.
தள்ளிப் போடுகிறேன்.
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கிறேன்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்று.
என் வயதில் வந்து நிற்கிறது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுகிறார்களாம்.
ஆண்கள் நாலு பேர் இறங்கி
வாய்க்கால் பக்கம் திரும்பி நிற்கிறார்கள்,
கேட் போட்டதே அதற்குத்தான் என்பதுபோல.

ஜன்னலில் வெள்ளரிப்பிஞ்சு.
"கட்டு இருவது ரூவா" என்றவள்
என் முகத்தைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.
"எறங்குங்க. இப்ப எடுக்கமாட்டான்."

கேட்டுக்குப் பின்னால் இரண்டு மூங்கில், நாலு உரச்சாக்கு.
அவளே கட்டியது.
குந்தினால் கண்ணுக்கு நேரே
யூரியா என்று பச்சை எழுத்து.
வெளியே முதுகு காட்டி நின்றபடி செல்லக்கண்ணு பேசினாள்
(பெயரைக் கிளம்பும்போதுதான் கேட்டேன்):
"எனக்கு மூணாவது புள்ளையிலேர்ந்து.
நாள் பூரா விக்கிறேன், ஒரு பிஞ்சு வாயில வைக்கிறதில்ல.
அம்புட்டும் தண்ணி பாருங்க."

சிரித்துவிட்டேன்.
சிரித்தால் என்ன ஆகுமோ என்ற பயமில்லாத ஒரே இடம் அது,
சாக்குக்கு உள்ளே.

கம்பம் ஏறியது. விசில்.
ஓடிக்கொண்டே இரண்டு கட்டு வாங்கினேன்.
வலங்கைமான்வரை பேரேட்டின்மேல் கிடந்தது.
பிறகு மிளகாய்ப்பொடியில் தொட்டு
ஒன்றைக் கடித்தேன்.
கும்பகோணத்துக்கு இன்னும் இருபது நிமிஷம்.