கொண்டை ஊசி

கோணலாகத் தைக்கத் தெரியாது என்றாள் பிலோமினா.
பதினாறு வருஷம் கான்வென்ட் பிளேசர்,
பாவாடை மடிப்பு, ஒன்றுக்கொன்று அரை இஞ்ச்.
"கை நேராத்தான் போகும்.
கோணல் வேணும்னா வேற ஆளப் பாரு."

குன்னூர் பெட்ஃபோர்டில், பெயின்ட் கடைக்கு மேலே,
ஒரு ஜன்னல், இரண்டு மெஷின், எங்கள் கம்பெனி.
ஆறே ஆறு உடுப்பு என்று முடிவு:
மூன்று சட்டை, இரண்டு குர்த்தா, ஒரு நீளக் கோட்டு.
சென்னிமலைக் கைத்தறி, கஞ்சி போகாத வெள்ளை.
கோட்டுக்கு உள்துணி தேயிலைத் தூசியில் முக்கியது.
தைலமரக் காய்களில் துளை போட்டுப் பொத்தான்.

ஜூலை முழுக்கக் காலையில் எழுந்து
கரித்துண்டால் ஒரே ஒரு கோடு வரைந்திருந்தேன்,
பனிமூட்டம் எந்த மரத்தோடு நின்றதோ அந்த விளிம்பை.
முப்பத்தொரு கோடு, சுவர் நிறைய.
அதைத்தான் தோளிலிருந்து மணிக்கட்டு வரை
நூலில் கேட்டேன்.

தைத்துக் கொடுத்தாள்,
இஸ்திரி போட்ட மாதிரி.
என் மேகம் ஸ்கூல் பிரேயரில் நின்றது.

நானே தைத்துப் பார்த்தேன்.
குடிக்காதவன் தள்ளாடிக் காட்டுவதுபோல்
என் கோணலில் ஒரு பாசாங்கு.

ஈரோட்டில் துணி எடுத்துத் திரும்பிய சாயங்காலம்
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறினோம்.
பாக்குத் தோப்பு முடிகிறவரை ஜன்னலைப் பார்த்தாள்.
கல்லாறு தாண்டியதும் அலுத்துவிட்டது அவளுக்கு.
பையிலிருந்து ஒரு சட்டைக் கையை எடுத்து
வட்டச் சட்டத்தில் பூட்டி
நீல நூல் கோத்தாள்.

முதல் வளைவு.
போஜன் அண்ணன் ஸ்டியரிங்கை வளைத்தார்.
ஊசி வளையவில்லை,
அவள் சொன்ன சொல் தவறாமல் நேராகத்தான் போனது.
துணிதான் அடியில் நழுவியது.

"ச்சே" என்று பிரிக்கப் போனாள்.
விடு, போய்க்கிட்டே இரு என்றேன்.

மஞ்சள் பலகையில் எண் ஏற ஏற
மணிக்கட்டிலிருந்து தோளுக்குக் கோடு ஏறியது.
ஐந்தாவதில் எதிரே காய்கறி லாரி;
பஸ் பின்வாங்கி இடம் விட்டது,
கோடும் ஒரு விரல்கடை பின்வாங்கித்
தன் மேலேயே ஏறி நின்றது.
பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள்: அங்கே ஒரு முடிச்சு.
ஒன்பதாவதில் விரலில் குத்தி ஒரு சொட்டு,
அதைக் கழுவ வேண்டாம் என்று அவளே சொன்னாள்.
காட்டேரிக்கு முன்னாலேயே இருட்டிவிட்டது.
மீதியைத் தடவித் தடவித் தைத்தாள்.

"வாந்தி வரலயா உனக்கு?" பின் சீட்டுக்காரர்.
"வேலை இருந்தா வராதுங்க."

ஒரு சட்டைக்கு ஒரு பயணம்.
போகவரச் செலவைக் கணக்கில் எழுதினோம்,
நூல் என்ற தலைப்பின் கீழ்.
ஏறிவந்த டிக்கெட்டை லேபிளுக்குப் பதில்
அந்தந்தக் கழுத்தில் கட்டினோம்.
சுவரில் கரிக்கோடுகள் அப்படியே இருந்தன,
அழகாகத்தான் இருந்தன,
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோட்டு தைத்த நாளில் மண் சரிந்து
எட்டாவது வளைவோடு பஸ் கீழே திரும்பியது.
அதன் வலது கை பாதியில் நிற்கிறது.
மறுபடி போய் முடிக்கலாம் என்றாள்.
போகலாம்தான். போகவில்லை.

செப்டம்பரில், சிம்ஸ் பூங்காப் பக்கம்
தெரிந்தவர் வீட்டு வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம்.
சாயம் போகுமா. இந்த அளவுதானா.
தையல் பிசகியிருக்கே, குறைப்பீங்களா.
பிலோமினா என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

மூன்றாம் நாள் ஒருத்தி வந்தாள்,
கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை
பல் ஆஸ்பத்திரி வேலைக்கு ஏறி வருகிறவள்.
கழுத்து டிக்கெட்டைப் படித்தாள்.
பிறகு கையைத் தூக்கி, மணிக்கட்டிலிருந்து
விரலால் மெல்ல ஏறினாள்.
பின்வாங்கிய இடத்தில் சிரித்தாள்.
முழங்கைக்குக் கொஞ்சம் மேலே
விரல் நின்றுவிட்டது.

"எனக்கு இங்கதான் வாந்தி வரும்."

விலை பேசாமல் எடுத்துக்கொண்டாள்.
பிலோமினா ரசீது எழுதினாள்,
தொகைக்கு அடியில்
ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு.