சுத்தப் பிரதி

ஒலிப்பதிவு நிமிடத்துக்கு எண்பது சதம்.
மௌனத்துக்கும் அதே கூலி.
வந்து, இந்த, என்னெண்டா, ம்
எல்லாம் வெட்டிவிட வேணும் என்பது விதி.

ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறை.
என் ஹெட்போனுக்குள்
தயாபரன் என்றொருவர்
காப்புறுதிக்காரியிடம் விபத்தைச் சொல்கிறார்:

"நான் வந்து, மார்க்கம் ரோட்டால வந்து,
லைட் வந்து பச்சை..."

மூன்று வந்து.
ரோட்டால வந்ததை மட்டும் விட்டேன்.
மற்ற இரண்டும் எங்கிருந்தும் வரவில்லை.

"காருக்குள்ள வேற ஆர்?"

"பக்கத்து சீட்டில... இந்த..."

பதினொரு விநாடி.
எங்கோ ஒரு ஹீட்டர் இரைகிறது,
அவருடையதோ என்னுடையதோ.

"இவ வந்து... இவ... ம்... மனுசி."

விதிப்படி தட்டினேன்:
பக்கத்து இருக்கையில் மனைவி.

பிழையில்லாத வரி.
பெல்ட் போட்டு, கைப்பையை மடியில் வைத்து
இன்னும் உட்கார்ந்திருக்கிறாள் அதில்.

தேநீர் ஆறிவிட்டது.
பின்னால் போய், அழித்ததைத் தேடி
ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டேன்:
இவ வந்து

அதற்குப் பிறகு மூன்று புள்ளி.

தரம் பார்க்கிறவன் சிவப்பில் சுழிப்பான்,
ஐந்து சதம் கழிப்பான்.
கழிக்கட்டும்.

அடுத்த கோப்பு பல் வைத்தியம்.
நாற்பது நிமிடம்,
பாதிக்கு மேல் ஆ.