டல்

"சுருக்கென்று குத்துகிறதா,
இல்லை டல்லாகவா?"
மருத்துவர் திரையிலிருந்து முகம் எடுக்கவில்லை.
தெல்மா ப்ராக்கில்ஸ்பி
வலது மணிக்கட்டை மடியில் படுக்கவைத்து
ஜன்னலைப் பார்த்தாள்.
க்ரிம்ஸ்பி துறைமுகத்துக்கு மேலே
வானம், கழுவாத அலுமினியத் தட்டு.
காலை வானொலியும் அதையேதான் சொன்னது:
நாலு மணி வரை டல்.

டல்தான், என்றாள்.
நாலு தட்டு. கணினிக்குள் போய்விட்டது வலி.
அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது:
பன்னிரண்டு வாரம் கழித்து வரவும்.

என் மொழி அவளுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்:
உளைச்சலா அம்மா, குடைச்சலா, கடுப்பா?
எங்களிடம் கத்தி மொண்ணை, வானம் மப்பு,
சிரிப்பு வராத ஜோக் மொக்கை,
விளக்கு மங்கல், வியாபாரம் மந்தம்.
அவர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கு.
(நாங்களும் யோக்கியம் இல்லை.
முகம் வாடியவனிடம் "ஏன் டல்லா இருக்கே?" என்கிறோம்.
வாங்கிய கடன், இன்றுவரை திருப்பவில்லை.)

அந்தச் சாக்கில் தெல்மாவும் இருக்கிறாள்.
ஒன்பது வயதில், தேர்வு அறிக்கையில்,
நீல மையில் மிஸ் ஹார்னிகோல்ட் எழுதியது:
டல். ஆனால் தொந்தரவில்லை.
அப்பா அதைச் சத்தமாகப் படித்தார்,
'ஆனால்' என்ற இடத்தில் சந்தோஷப்பட்டார்.

கார்த் போகும்போது சொன்னது இன்னும் சுருக்கம்.
அவன் இப்போது ஸ்பெயினில்.
வெயிலின் படம் போட்ட அஞ்சலட்டை அனுப்புகிறான்,
எழுத்துப்பிழைகளோடு.

பேருந்து நிறுத்தத்தில் நின்றாள்.
கையுறைக்குள் கட்டைவிரல் கனத்தது,
யாருடையதோ போல.

இருபத்தாறு வருடமாக மீன் அறுக்கிறாள்.
உள்ளே நாலு டிகிரி. காலுக்கடியில் பனிக்குழம்பு.
ஹேடாக் மீன் பெல்ட்டில் வரும்.
செவுளுக்குப் பின்னால் ஒரு கீறல்,
முள்ளோடு முள்ளாக வழுக்கி வால்வரை,
திருப்பு, மறுபக்கம். பதினொரு நொடி.
கண் டல்லான மீனைத் தனியே எறிவாள்,
பார்க்காமலே. அது நேற்றைய மீன்.
அந்த வேகத்துக்கு மிஸ் ஹார்னிகோல்ட்
என்ன பெயர் வைத்திருப்பாள்?

அங்கே ஒரு விதி உண்டு, சுவரில் எழுதியிருக்கிறது,
சுவர் பார்த்து யாரும் கற்றதில்லை.
வைடா கற்றுக்கொண்டது தன் கையில்.
லித்துவேனியாவிலிருந்து வந்து மூன்றாம் வாரம்,
கத்தி இழுக்க மறுத்தது, அவள் அழுத்தினாள்.
கூரான கத்தி சொன்ன இடத்தில் வெட்டும்.
மொண்ணை, தனக்குத் தோன்றிய இடத்தில்.
எட்டுத் தையல்.
மதிய இடைவேளையில் கட்டுப்போட்ட கையோடு கேட்டாள்:
"தெல்மா, டல் என்றால் கூர் இல்லாததா,
ஆபத்து இல்லாததா?"
தெல்மா தேநீரைக் கீழே வைத்தாள். பதில் சொல்லவில்லை.

மூன்றாம் எண் பேருந்து வந்தது.
கதவு திறந்தது. ஓட்டுநர் காத்திருந்தார்.
அவள் திரும்பி நடந்தாள்.

வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நிற்பதற்குள்
அறைக்குள் இருந்தாள்.
"டாக்டர், எங்கள் இடத்தில்
ஒரு கத்தி டல் என்று யாராவது சொன்னால்
பெல்ட்டையே நிறுத்துவோம்.
பன்னிரண்டு வாரம் கழித்து அல்ல.
அப்போதே."

அவர் முகத்தை எடுத்தார்.
இளைஞர்தான், ஷேவ் செய்யும்போது
தாடையில் கீறிக்கொண்டிருக்கிறார்.
திரையைப் பார்த்தார். பின்னோக்கி நாலு தட்டு.
துடிக்கும் கோடு ஒன்று மட்டும் மிச்சம்.

"அப்படியென்றால் என்ன எழுத?"

அவளிடம் வேறு சொல் இல்லை.
மேஜைமேல் கையை வைத்தாள்,
மீன் வாடையோடு, உள்ளங்கை மேலே பார்க்க.
அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்தார்.

வெளியே வானம் அப்படியேதான் இருந்தது.
நாலாக இன்னும் நாற்பது நிமிடம்.