பதினோரு நிமிடம்

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலையின் பின்சுவரோரம்
என் வேலை.
முன்வாசலில் லாரி லாரியாகப் பெங்களூரா இறங்கும்.
பழம் கழுவிய நீர், கொட்டை கழுவிய நீர்,
தரை கழுவிய நீர்
புளித்த மஞ்சளாய் என்னிடம் வரும்.

போன வருடம் வரை ஓடைக்குப் போனது.
ஓடைக்கரைக்காரர்கள் மனு கொடுத்தார்கள்.
அதற்குப் பிறகுதான்
எனக்கு இந்தச் சம்பளம்.

நீள்வட்டத் தொட்டிகள் இரண்டு,
அரை முழ ஆழம்.
துடுப்புச் சக்கரம் சுற்றச் சுற்ற
மஞ்சளைத் தின்று தண்ணீர் பச்சையாகும்.
கண்ணுக்குத் தெரியாத வாய்கள்,
மிச்சம் வைக்கத் தெரியாதவை.

குச்சி நுனியில் வெள்ளைத் தட்டு.
இறக்கிப் பார்ப்பேன்.
நான்கு விரற்கடையில் மறைந்தால்
அறுவடை.
மறையாவிட்டால்
இன்னும் ஒரு வெயில்.

ஆனிக் காற்றில்
ஒரு ராத்திரி மின்கம்பம் சாய்ந்தது.
சக்கரம் நின்றால் பாசி படியும்,
படிந்தால் அழுகும்.
காவலுக்கு இருந்த தீர்த்தகிரி
யாரையும் கேட்கவில்லை.
சாரப் பலகை ஒன்றை உருவிக்கொண்டு
விடியும்வரை துழாவியிருக்கிறார்,
முதல் தொட்டியை மட்டும்.
"ரெண்டுக்கு ஆள் இல்லீங்க மேடம்."
இரண்டாவது
டீ நிறத்தில் கிடந்தது.

பிழைத்ததை வடித்து உலர்த்திப் பிழிந்ததில்
குவார்ட்டர் பாட்டிலுக்குக் கழுத்து வரை
எண்ணெய்.
பழைய பம்ப்செட்டில் ஊற்றினோம்.
இருமியது.
வெள்ளையாய்ப் புகைத்தது.
பிறகு பிடித்துக்கொண்டது,
பதினோரு நிமிடம்.
வறுத்த மீன் வாடை என்றார் தீர்த்தகிரி.
எனக்கு, மழைக்கு மறுநாள் குளம்.

முதலாளி செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார்.
"லிட்டர் என்னம்மா ஆகுது?"
சொன்னேன்.
டீசல் விலையை அவர் சொல்லவில்லை.
பங்க் எதிரிலேயே இருக்கிறது.

சக்கையைத் தீர்த்தகிரி தன் கோழிகளுக்குப் போட்டார்.
பத்து நாளில் மஞ்சள் கரு
செங்கல் நிறம்.
உடைத்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார் காட்ட.
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில்
குளியலறைத் தொட்டிச் சுவரெல்லாம் அதே பச்சை.
பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாருமாகக் குனிந்தவள்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.
தேய்த்துத்தான் ஆகவேண்டும்,
வழுக்கி விழ ஆள் இருக்கிற வீடு.
ஆனாலும் மாதா மாதம்
இத்தனை பவுடருக்கும் சாகாமல் திரும்பி வருகிற ஜாதி.
கரண்ட் போனாலும்
தாங்குமோ என்னவோ.

பழைய மருந்துக் குப்பியில்
நகத்தால் சுரண்டிப் போட்டு
லேபிள் ஒட்டினேன்:
குளியலறை, கிழக்குச் சுவர்.