சற்று மேலே

அவன் சுங்லியில் கேட்பான்,
நான் மோங்சென்னில் பதில் சொல்வேன்.
மொகோக்சுங்கில் இது யாருக்கும் வேடிக்கை இல்லை.
உப்பு எங்கே என்று அவன் மலையிலிருந்து குரல் வரும்,
அடுப்புக்கு மேலே என்று
என் மலையிலிருந்து கை நீளும்.
முப்பத்தொரு வருஷம்
ஒருவர் சொல்லை ஒருவர் வாங்கிப் புழங்கவில்லை.
கடன் இல்லாத குடித்தனம்.

சண்டையில் எனக்குக் கொஞ்சம் சாதகம்:
எங்கள் ஊரில் சொல்லின் கடைசியில்
தொண்டையைச் சட்டென்று அடைப்போம்.
கதவைச் சாத்தவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சுங்லிதான்.
வேதம் அதில் அச்சாகி வந்தது, என்ன செய்ய.
மன்னிப்பைக் கேட்டுவிட்டுப் படியிறங்கும்போதே
என் பேச்சில் அவனைத் திட்டத் தொடங்குவேன்.
அந்த மொழியில் கடவுளிடம் பேசியிருக்கிறேன்;
மோவாதோஷியிடம் இல்லை.

போன மார்கழியில் திமாபூரில்
குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.
திரும்பி வந்த சுமோவில்
அவன் மடியில் சவர இயந்திரம் போல ஒரு கருவி.
கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும்,
ஒரே உயரத்தில்,
கண்ணாடியில் மாட்டிக்கொண்ட வண்டு போல.

எங்களுக்கு உயரம்தான் பாதி அகராதி.
அதே எழுத்துகள்தான்.
மேலே சொன்னால் ஒன்று, நடுவே சொன்னால் வேறு,
கீழே இறக்கினால் இன்னொன்று.
மருத்துவருக்கு அது தெரியாது.
அவர் பேச்சில் ஏற்ற இறக்கம் பாட்டுக்குத்தான் வேண்டும்.

ஏதோ கேட்டான். குடையைக் கொடுத்தேன்.
தலையை ஆட்டினான். கத்தியைக் கொடுத்தேன்.
மலையெல்லாம் இடித்து
மைதானம் ஆக்கியதுபோல் இருந்தது வீடு.

பிறகு ஒரு மழைநாள்,
அவன் தம்பி நுங்சாங் போன் செய்தான்.
தகரக் கூரைச் சத்தத்தில் வண்டு இரைந்தது.
லைன் சரியில்லை அண்ணா, லைன் சரியில்லை என்றான் அவன்.
நான் போனைப் பிடுங்கினேன்.
மோவாதோஷி உதட்டை அசைத்தான்.
உதட்டில் உயரம் தெரியாது.
தெரிந்ததுபோல் சொன்னேன்,
சுங்லியில், ஒரு முழு வாக்கியம்,
பன்றி விலையைப் பற்றி.

அந்தப் பக்கம் மௌனம்.
யார் பேசுறது?

இந்தப் பக்கம் என் கணவன்
தோள் குலுங்கச் சிரித்தான்,
சத்தமே இல்லை,
கழுத்துத் துளை மட்டும் உஸ் உஸ்ஸென்றது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு
ஆள்காட்டி விரலைத் தூக்கினான்:
மேலே.
சொன்னேன்.
இன்னும், நகக்கண் அளவு, மேலே.