பிழை எண் 1075

செனோக்கோ. மீன் உருண்டைத் தொழிற்சாலை, இரண்டாம் மாடி.
சீனப் புத்தாண்டுக்கு இன்னும் மூன்றே நாள்.
எக்ஸ்பி இங்கே இன்னும் ஆட்சியில் இருக்கிறது:
பச்சைக் குன்று, நீல வானம்,
குன்றின்மேல் மீன்மாவு படிந்த விரல் தடங்கள்.

"நெட் இல்லை, வைரஸ் இல்லை, ஏன் மாத்தணும்?"
என்கிறார் லே ஹூன்.
லேபிள் அடிக்கும் இயந்திரத்துக்கு
இந்தக் கிழட்டுப் பெட்டியின் பேச்சு மட்டும்தான் புரியும்.
இதை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும்.
கணக்குப்படி அவர் சொல்வது சரி.

நேற்று அவர் மருமகன் வந்து பெட்டியைச் சுத்தம் செய்தானாம்.
தெரியாத பெயரையெல்லாம் அழித்திருக்கிறான்.
ஸ்பூலர் யாரென்று அவனுக்கு யார் சொல்வது?
காகிதம் கேட்டு வருகிறவர்களை
வரிசையில் உட்காரவைத்து
ஒவ்வொருவராய் உள்ளே அனுப்புகிற ஆள்.
கிளினிக் கவுண்டரில் பெயர் கூப்பிடும் பெண்ணைப் போல.
அவள் முகம் யாருக்கும் நினைவிருக்காது,
ஒருநாள் லீவு போட்டால் தெரியும்.

சேவைகள் பட்டியலைத் திறக்கிறேன்.
அந்தப் பெயர் இருந்த இடத்தில்
மேலே இருந்ததும் கீழே இருந்ததும்
நெருங்கி உட்கார்ந்துவிட்டன.
யாரோ எழுந்துபோன சுவடே இல்லை.

மூல வட்டு கிடைத்தது,
ஆங் பாவ் உறைகளுக்கு அடியில், கீறல் விழுந்து.
வட்டுக்குள் ஸ்பூலர்
வாலறுந்த பெயரோடு சுருண்டு படுத்திருக்கிறது:
கடைசி எழுத்துக்குப் பதில் ஓர் அடிக்கோடு.
கறுப்புத் திரையில் விரி என்று சொன்னேன்.
விரிந்தது.

பிறகு பதிவு.
சமன்குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட வேண்டும்,
விடாவிட்டால் காதிலேயே வாங்காது.
பெயர் சொன்னேன், பாதை சொன்னேன்,
யாரை நம்பி வாழும் என்பதையும் சொன்னேன்.
தொடங்கு.

தொடங்கவில்லை.
சார்ந்திருக்கும் சேவை இல்லை,
அல்லது அழிப்பதற்குக் குறிக்கப்பட்டுள்ளது.

இந்த வாக்கியம் எனக்குப் பழக்கம்.
நான்கு வருடம் என் அட்டையில்
சார்ந்தவர் என்றுதான் போட்டிருந்தது.
கீர்த்திவாசனுக்கு வேலை போன மாதம்
இரண்டு பேருமாக முப்பது நாளை எண்ணினோம்,
ஊட்லண்ட்ஸ் வாடகை அறையில்,
சோஃபாவை யாருக்கு விற்பது என்று பேசியபடி.
இருபத்தாறாம் நாள் அவருக்கு வேலை கிடைத்தது.
இருபத்தேழாம் நாள்
நான் கணினி பழுதுபார்க்கும் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

"சிஸ்டர், கோப்பி?"
கோ நைங் பிளாஸ்டிக் பையில் நீட்டுகிறான்.
உறிஞ்சிக்கொண்டே திரும்பப் படிக்கிறேன்.
என் பிழைதான்:
கடைசியில் இரண்டு எஸ் வேண்டும், ஒன்று அடித்திருக்கிறேன்.
இல்லாத ஒருவரை நம்பி வாழச் சொல்லியிருக்கிறேன்
பாவம் அதை.

திருத்தினேன். தொடங்கு.
இயந்திரம் தொண்டையைச் செருமியது.
முதல் லேபிள் சூடாக வெளியே வந்தது.
கோ நைங் வாசித்துவிட்டு
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்:

இதற்குள் உண்ணவும், 15 ஜனவரி 2002.

"நான் பொறக்கவே இல்ல, சிஸ்டர்,
மீன் கெட்டுப்போச்சு!"

தாய்ப்பலகையில் பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது.
மின்சாரம் போகும்போதெல்லாம்
பெட்டி தன் பழைய வருடத்துக்கே திரும்பிவிடுகிறது.
மருமகன் பிளக்கைப் பிடுங்கியிருப்பான்.
வீட்டு எடைக்கருவிக்கு வாங்கியது ஒன்று பையில் இருந்தது,
பொருத்தினேன். தேதி வைத்தேன்.
ரசீதில் மூன்று வெள்ளி கூட்டினேன்.
லே ஹூன் இரண்டாக்கினார்,
ஒரு பாக்கெட் மீன் உருண்டையும் கொடுத்தார்.

லேபிள்கள் வரத் தொடங்கின,
எல்லாவற்றிலும் இந்த வருடம்.
கெட்டுப்போன அந்த ஒன்றை மட்டும் அவர் எறியவில்லை.
நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணாமல்,
பெட்டியின் நெற்றியில் ஒட்டினார்.

உள்ளே விசிறி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.