அலுவல் எண் ஏழு

அக்டோபரின் கடைசிக் கப்பலில்
ஜெர்மன்காரர்கள் போய்விடுகிறார்கள்.
ஸ்டமாடிஸ் தன் உணவகத்து நாற்காலிகளை
அடுக்கிச் சங்கிலி போடுகிறான்.
சங்கிலிக்கு இந்தப் பக்கம் காத்திருக்கின்றன
கோடை முழுக்க
இறால் தலையும் செல்லப்பெயரும் தின்று வளர்ந்தவை.
இனி ஐந்து மாதம் கூப்பிட ஆளில்லை.
கூப்பிட்ட பெயர்களும்
கப்பலேறிவிட்டன.

நான் நகராட்சி எழுத்தர்.
எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன்.
மீன்துறையில் எண்பத்து நான்கு.
மூடிய சோப்புத் தொழிற்சாலையில் அறுபத்தொன்று.
கல்லறையில் முப்பது.
சந்துகளில் முப்பத்தாறு.
(கவுன்சிலில் மதில்மேல் பூனை ஒன்று உண்டு,
இரண்டு கூட்டமாக வாக்களிக்காமல்.
அவரைச் சேர்க்கவில்லை.)

அலுவல் எண் ஆறு, துறைமுக விளக்கு: பத்து நிமிடம்.
அலுவல் எண் ஏழு: மூன்று மணி நேரம்.
விடுதிக்காரர் பாராஸ்கெவாஸ்
தெள்ளுப்பூச்சி கடித்த ஒரு விருந்தாளியின் காலைப்
புகைப்படமாகச் சுற்றில் விட்டார்.
மருந்துக்கடையை மூடிவிட்டு
ஓய்வூதியத்தில் நாற்பது வாய்க்குச் சோறு போடும் அரிஸ்தேயா
எழுந்து நின்று ஒன்றும் பேசவில்லை.
போன பிப்ரவரியில்
கடலோர மரங்களின் அடியில் கிடந்த பதினொன்றை
எல்லோருக்கும் நினைவிருந்தது.
வாயில் நுரை.
யார் என்று யாரும் கேட்கவில்லை.
அன்று மளிகைக்கடையில் நாங்கள்
காற்றைப் பற்றிப் பேசினோம்.

பூனை கண்ணை மூடினால்
உலகம் இருண்டுவிடாது.
நகராட்சி கண்ணை மூடினால்
பூனைக்கு இருண்டுவிடும்.
இதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.
எழுதியது இவ்வளவுதான்:
ஆதரவு ஐந்து, எதிர்ப்பு மூன்று.
ஆகஸ்ட் வாணவேடிக்கையிலிருந்து
ஆறாயிரத்து நானூறு யூரோ.

மணி கட்டுவது யார் என்ற பழைய கேள்வி
இங்கே எழவேயில்லை.
மணி வேண்டாம்.
இடது காதின் நுனி போதும்,
விரல் நகத்தளவு.
தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்
அரசாங்கம் தொட்டுவிட்டுப் போனது என்று.

காற்று எட்டு. மூன்று நாள் கப்பல் இல்லை.
நான்காம் நாள்
வாந்தியெடுத்த முகத்தோடு இறங்கினாள் டாக்டர் இஃபியெனியா.
பள்ளியின் டேபிள் டென்னிஸ் மேசையை
வெந்நீர் விட்டுக் கழுவினோம்.
வலையை மட்டும் கழற்ற வரவில்லை,
துருப்பிடித்த திருகு.
இந்தப் பக்கம் மயக்கம், அந்தப் பக்கம் விழிப்பு.

கூண்டுக்குள் வர வேண்டுமென்றால்
பசிக்க வேண்டும்.
ஆகவே ஆணை:
முந்தைய நாள் யாரும் உணவிடக் கூடாது.
தட்டச்சு செய்தவன் நான்.
அரிஸ்தேயா வீட்டில் அன்று விளக்கு எரியவில்லை.
வாசலில் நாற்பது குரல்.
உள்ளே அவள் இருட்டில்
காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று
மறுநாள் பாராஸ்கெவாஸ்தான் சொன்னார்.
அவருக்கு எப்படித் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.
அவர் முனகிக்கொண்டே
இருபது கூண்டு சுமந்தார்.

மார்ச்.
கவிழ்த்து வைத்த படகுகளுக்கு அடியில்
வழக்கமான கீச்சொலி இல்லை.
பள்ளி விட்டு வந்த ஒரு பையன்
குனிந்து பார்த்துவிட்டு
அடுத்த படகுக்குப் போனான்,
அதற்கடுத்ததற்கு.

பதிவேட்டில் பாலினம் உண்டு, நிறம் உண்டு,
எடை, இடது காது, விடுவித்த இடம்.
பிறக்காமல் போனவற்றுக்குக் கட்டம் இல்லை.
அந்தப் பதினொன்றுக்கும் இல்லை.
இரண்டுக்கும் நடுவில் எங்கோ
என் கையெழுத்து.

இன்று மாலை
அலுவலகச் சுவரின் மேல் நடந்து வந்தது ஒன்று.
கறுப்பு. பெண்.
இரண்டு காதும் முழுசு.
வயிறு தாழ்ந்து ஆடியது.
மொத்தம் இருநூற்றுப் பதினொன்று, பணி நிறைவு என்று
மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று.
முத்திரையும் குத்தியாயிற்று.

பேனாவை மூடி வைத்தேன்.
அது உட்கார்ந்து
என்னையே பார்த்தது.

பேனாவைத் திறந்தேன்.
மத்தி மீன் டின்னையும்.